ஞாயிற்றுக்கிழமைக் கால்வாய்

பிப்ரவரி 3, ஞாயிறு

58 செ.மீ., 57, 58. இது முப்பத்தொன்பதாவது வாரம்.

குழாயைக் கழுவித் துடைத்து, சமையலறைக் கதவின் பின்னால் அதன் ஆணியில் மாட்டியாயிற்று. அம்மா அந்த ஆணியை வடிகட்டிக்காக அடித்தாள். முப்பத்தொன்பது வாரமாக வடிகட்டி வீடிழந்து அலைகிறது. "ஒரு நாள் அந்தக் குழாயிலயே டீ வடிகட்டிருவேன் பாரு," என்கிறாள்.

செயலியில் அளவைப் பதிந்ததும் துளிக்குட்டி வந்து கைதட்டியது. துளிக்குட்டி என்பது கறுப்புக் கண்ணாடி அணிந்த ஒரு நீர்த்துளி. நீர்த்துளிக்கு எதற்கு வெயில் கண்ணாடி என்று கேட்டு எழுதினேன். பதில் வரவில்லை. ஆனால் நான்தான் இன்னமும் பட்டியலில் முதலிடம். இரண்டாமிடத்தில் இருப்பவர் என்னைவிட அறுபது அளவு பின்னால் இருக்கிறார். பாவம், ஏதோ பெரியவர் போல.

அப்பா தூங்குகிறார். வாரத்தில் ஆறு நாள் சாயப்பட்டறையில் கொதிகலன் பார்ப்பவரை ஏழாம் நாள் எழுப்பக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

பிப்ரவரி 7, வியாழன்

பள்ளிக்குத் தொப்பி சார் வந்தார். "மக்கள் அளக்கும் கால்வாய்" திட்டத்தின் ஒருங்கிணைப்பாளர். எங்கே போனாலும் தொப்பி கொடுப்பார். அதனால் அந்தப் பெயர். இன்றைக்கு எல்லோருக்கும் நீலத் தொப்பி. நெட்டைக்கு மட்டும் தலையில் நிற்கவில்லை. (நெட்டை என் பக்கத்து இருக்கை. தலை சிறியது, மற்றதெல்லாம் நீளம்.)

மார்ச் 14 அன்று நகராட்சிக் கூட்டமாம். கால்வாய் இப்போது கண்காணிப்புப் பட்டியலில் இருக்கிறது. அதாவது சாயப்பட்டறை அடுத்த வருடத்துக்குள் சுத்திகரிப்புத் தொட்டி கட்டியாக வேண்டும். பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால் கட்ட வேண்டாம். எடுப்பதா வேண்டாமா என்பதை எங்கள் அளவுகளை வைத்து முடிவு செய்யப் போகிறார்கள். அறுபத்தொரு தொண்டர்கள், நானூற்றுப் பன்னிரண்டு அளவுகள். அதில் நூற்றுப் பதினேழு என்னுடையவை!

"இனிமே கொள்கைய அதிகாரிங்க எழுத மாட்டாங்க. நீங்க எழுதுவீங்க! தரவு பொய் சொல்லாது!" என்றார் தொப்பி சார். உயிரியல் டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சளியாகவும் இருக்கலாம்.

கூட்டத்தன்று எனக்கு மேடையில் விருது. யாராவது கேட்டால் சொல்ல, கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்தேன்: "வணக்கம். இது அறுபது சென்டிமீட்டர் குழாய். அடியில் ஒரு கறுப்புக் கூட்டல் குறி. மேலிருந்து பார்த்தபடியே கால்வாய் நீரை ஊற்றிக்கொண்டு போக வேண்டும். குறி எந்த உயரத்தில் மறைகிறதோ அதுதான் அளவு. உயரம் கூடினால் நீர் தெளிவு. குறைந்தால் கலங்கல்." பிறகு அடக்கமாகப் புன்னகைக்க வேண்டும். அடக்கம் மட்டும் வரமாட்டேனென்கிறது.

பிப்ரவரி 10, ஞாயிறு

காய்ச்சல். போகவில்லை. நாற்பதாவது வாரம்!!

பிப்ரவரி 11, திங்கள்

செயலியின் விதியைப் பார்த்தேன். வாரம் என்பது சனிக்கிழமை இரவு வரை. ஆக நாளைக்குப் போனாலும் "இடைவிடாத நாற்பது வாரம்" பதக்கம் உண்டு. துளிக்குட்டி தங்கக் கிரீடத்தோடு வருமாம். இதற்காக நான் சாகவும் தயார்.

பிப்ரவரி 12, செவ்வாய்

காலை 6.40. பம்பு அறைப் படிக்கட்டு. எப்போதும் எடுக்கும் அதே இடம்.

9 செ.மீ.

குழாயைக் கழுவிவிட்டு மறுபடி: 9. மூன்றாம் முறை: 8.

நிறம் ஊதா. லேசான ஊதா இல்லை. கத்தரிக்காய் ஊதா.

காய்ச்சல் கண்ணுக்குப் போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துப் பார்த்தேன். இனி அது வெள்ளைக் கைக்குட்டை இல்லை.

பதிந்தேன். துளிக்குட்டி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழுதது. "இந்த அளவு வழக்கத்துக்கு மாறானது. ஏற்க இயலவில்லை. கருவியைச் சரிபார்க்கவும்."

எந்த வழக்கம்? யாருடைய வழக்கம்?

பிப்ரவரி 13, புதன்

மறுபடி போனேன். 11 செ.மீ. ஊதா. மறுபடி நிராகரிப்பு.

மாலையில் நானூற்றுப் பன்னிரண்டு அளவுகளையும் தரவிறக்கி உட்கார்ந்தேன். எல்லோரும் பார்க்கத்தான் வைத்திருக்கிறார்கள்; பார்த்தவர் யாருமில்லை. தேதிக்குப் பக்கத்தில் கிழமையைப் பென்சிலால் எழுதினேன்.

நானூற்றைந்து, ஞாயிறு. மீதி ஏழு, அரசு விடுமுறை நாள்.

பின்னே? தொண்டர்கள் எல்லோரும் நல்ல குடிமக்கள். வேலைக்குப் போகிறவர்கள், பள்ளிக்குப் போகிறவர்கள். ஓய்வு கிடைக்கிற நாளில் சேவை செய்கிறார்கள். பட்டறையும் அன்றைக்குத்தான் ஓய்வெடுக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று படித்திருக்கிறேன். நாங்கள் முழுக் கால்வாயையும் ஒரு கிழமைக்குள் மறைத்திருக்கிறோம். அதுவும் சம்பளமில்லாமல், தொப்பி போட்டுக்கொண்டு.

இதில் இன்னொரு அழகு. "வழக்கம்" என்று செயலி எதைச் சொல்கிறது? பழைய அளவுகளின் சராசரியை. அந்தச் சராசரியில் கால் பங்குக்கு மேல் நான். என் செவ்வாய்க்கிழமையை வாசலில் நிறுத்தி விரட்டியது என் ஞாயிற்றுக்கிழமைகள்தான்.

அப்பா வேலையிலிருந்து வந்ததும் கேட்டேன்.

"காலையில ஆறரைக்கு ராத்திரி ஷிப்டுக்காரங்க தொட்டியத் திறப்பாங்க," என்றார், டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டே. "எட்டுக்குள்ள ஓடிரும். ஞாயித்துக்கிழமை இல்ல."

"உங்களுக்குத் தெரியுமாப்பா? இவ்வளவு நாளா?"

"நீ கேக்கலையேம்மா."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "சந்தோஷமாப் போய்ட்டு வந்துட்டிருந்தே," என்றார்.

பிப்ரவரி 16, சனி

அத்தை வந்திருந்தாள். அப்பாவின் அக்கா. கால்வாய் வளையும் இடத்துக்குக் கீழே, குத்தகை நிலத்தில் கீரை போடுகிறாள். அவளுக்கு வாயில் ஒரு அரிவாள் உண்டு. கையில் இருப்பது இரண்டாவது.

ஒரு கீரைக் கட்டை மேசைமேல் போட்டாள். வேர் முழுக்க ஊதா.

"பாத்தியா? நேத்து ஒருத்தி கேக்குறா, இது கீரையா பீட்ரூட்டான்னு. மூணு வாரமா பாதிக் கட்டு திரும்பி வருது."

போன ஆடி அறுப்பிலேயே அவள் இதைச் சொன்னாள். அப்போது நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அத்தை, தரவு அப்படிச் சொல்லவில்லை." புத்தகத் தமிழில் வேறு சொன்னேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

"அப்புறம் உன் நோட்டீசு பிரமாதம்டி," என்றாள். "என் பாத்திக்கு நேரா அந்தத் திட்டக்காரங்க ஒட்டியிருக்காங்க. கையில குழாய வெச்சுக்கிட்டு ஈன்னு சிரிக்கிறே. 'நம் கால்வாய், தெளிந்த கால்வாய்'. தெனமும் கீரை கழுவறப்ப உன் மூஞ்சியத்தான் பாக்குறேன்."

அம்மா, "அண்ணி, சின்னப் பொண்ணு," என்றாள்.

"சின்னப் பொண்ணு அளந்த அளவுலதான பெரிய மனுசங்க நிக்கிறாங்க?"

பிப்ரவரி 18, திங்கள்

தொப்பி சாரின் அலுவலகத்துக்குப் போனேன். அறை முழுக்க அட்டைப்பெட்டிகள், எல்லாவற்றிலும் தொப்பி. சுவரில் கால்வாயின் பெரிய படம். அதன் கீழே, குடிக்க, கடையில் வாங்கிய கேன் தண்ணீர்.

கிழமை எழுதிய தாள்களைக் காட்டினேன். கைக்குட்டையையும் காட்டினேன். அவர் கைக்குட்டையைத் தொடவில்லை.

"பாப்பா, ஒன்னு ரெண்டு அளவ வெச்சுக்கிட்டு ஊரைக் குழப்பக்கூடாது."

"சார், மத்த நாள்ல யாருமே அளக்கலையே."

"அதத்தாம்மா நானும் சொல்றேன். மத்த நாளுக்குத் தரவே இல்ல. இல்லாத தரவப் பத்தி நான் என்ன பேச முடியும்?"

அவ்வளவு கச்சிதமான முட்டாள்தனத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

அவர் கெட்டவர் இல்லை. அறிக்கை அச்சுக்குப் போய்விட்டதாம். முன்னூறு பிரதி, வண்ண அட்டை. கிளம்பும்போது முகம் வாடியிருக்கிறதே என்று ஒரு தொப்பி கொடுத்தார். இப்போது என்னிடம் இரண்டு தொப்பி.

பிப்ரவரி 20, புதன்

செயலியோடு வந்த கையேட்டை முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். நாற்பத்தாறு பக்கம். முப்பத்தொன்றாம் பக்கத்தின் அடியில், எறும்பு எழுத்தில்:

"ஒரே இடத்தில், பத்து நிமிடத்துக்குள், பதிவு செய்த மூன்று தொண்டர்கள் தனித்தனிக் குழாயால் அளந்து, அளவுகள் ஒத்துவந்தால், வழக்கத்துக்கு மாறானதாயினும் அது நிராகரிக்கப்படாது, நகராட்சிப் பொறியாளரின் பரிசீலனைக்குச் செல்லும்."

நான்கு முறை படித்தேன். கையேட்டுக்கு முன்னுரை எழுதியவர் தொப்பி சார். முன்னுரையைத் தாண்டி அவர் உள்ளே போகவில்லை என்று தெரிகிறது.

மூன்று பேர். நான் ஒன்று.

பிப்ரவரி 22, வெள்ளி

நெட்டை சரியென்றுவிட்டாள். செயலியில் "ஒட்டகச்சிவிங்கி" என்று பதிந்துகொண்டாள். விலை: என் இரண்டாவது தொப்பி, தம்பியின் நாய்க்கு வேண்டுமாம்.

உயிரியல் டீச்சர்: "அருமையான முயற்சிம்மா! ஆனா எனக்கு ஏழு மணிக்கு பஸ்." அம்மாவுக்கு மருந்துக்கடையில் காலை ஆறு மணி முறை. அத்தையிடம் இருப்பது பொத்தான் போன். பதக்கப் பட்டியலின் இரண்டாமிடக்காரருக்கு எழுதினேன். "ஞாயிற்றுக்கிழமை என்றால் வருகிறேன்" என்று பதில்.

இன்னொருவர் இருக்கிறார். அந்த வழியாகத்தான் தினமும் ஏழு மணி வேலைக்குச் சைக்கிளில் போகிறார். அவரை எப்படிக் கேட்பது?

பிப்ரவரி 24, ஞாயிறு

போகவில்லை. பத்து மணிக்குத் துளிக்குட்டி செய்தி அனுப்பியது: "உன் கால்வாய் உன்னைத் தேடுகிறது!" செவ்வாய்க்கிழமை நான் தேடி வந்தபோது துரத்தினாயே, அப்போது எங்கே போயிருந்தாய்?

பிப்ரவரி 26, செவ்வாய்

நானும் நெட்டையும். 10, 10. இரண்டு பேர் ஒத்துப்போனால் போதாது என்று செயலி நினைக்கிறது. நெட்டையின் ஒரு காலுறை ஊதாவாகிவிட்டது. ஒரு காலில் வெள்ளை, ஒரு காலில் ஊதாவோடு நாள் முழுக்க வகுப்பில் இருந்தாள். யாராவது கேட்டால், "தெளிந்த கால்வாய்ல விழுந்துட்டேன்," என்று சொன்னாள். அவளை எனக்கு ரொம்பப் பிடிக்கிறது.

மார்ச் 2, சனி

இன்றைக்குக் கேட்டுவிட்டேன். கேட்டதா அது? கத்தல்.

அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "என்னால வர முடியாதும்மா," என்றார். "நான் போய் அங்க நின்னா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாது. பாய்லர் பாக்குறவன் நான் ஒருத்தன்தான்னு நெனைக்காத. வெளிய நாலு பேரு காத்துட்டிருக்கான்."

"அப்போ இந்த ஊதாத் தண்ணி என் பேர்லயே போகட்டுமா? நூத்திப் பதினேழு தடவ நான் நல்ல தண்ணின்னு எழுதியிருக்கேன்ப்பா! நீங்க தினமும் பாத்துட்டே இருந்தீங்க! அத்தை கீரைய அள்ளி அள்ளிக் கொட்டுறாங்க, நான் ஈன்னு சிரிச்சிட்டு எதுத்தாப்புல நிக்கிறேன் — எனக்கு விருது வேற!"

அப்பா தட்டைக் கழுவிவைத்துவிட்டு எழுந்து போனார். அம்மா என்னைத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அவரு வேல போனா என் சம்பளத்துல மூணு மாசம் ஓடும்," என்றாள். பிறகு, "நாலு மாசம்கூட ஓடும்," என்றாள்.

நான் என்ன பேசினேன்? ஏன் பேசினேன்? அவர் வரவேண்டும் என்றும் இருக்கிறது. வந்துவிடக்கூடாது என்றும் இருக்கிறது.

மார்ச் 5, செவ்வாய்

6.35. நானும் நெட்டையும் படிக்கட்டில்.

6.40க்குச் சைக்கிள் மணி. அப்பா. பட்டறைச் சீருடையோடு, மார்பில் பட்டறையின் பெயரோடு.

பெட்டியிலிருந்து ஒரு குழாயை எடுத்தார். திங்களன்று மதிய இடைவேளையில் தொப்பி சாரிடம் போய் வாங்கியிருக்கிறார். தொப்பியும் கொடுத்திருக்கிறார்கள், அதைச் சீட்டுக்கு அடியில் மடித்து வைத்திருந்தார், சீட்டு கிழிந்திருந்ததால். அந்தத் திட்டத்தின் தொப்பிகளில் பயன்பட்டது அது ஒன்றுதான்.

"இங்க எடுக்காதீங்க," என்றார். "பத்தடி மேல வாங்க. பைப்பு வாய் அங்க இருக்கு."

"இல்லப்பா, அதே எடத்துலதான் எடுக்கணும். இல்லேன்னா நம்ம வேணும்னே எடுத்தோம்னு சொல்லுவாங்க."

என்னைப் பார்த்தார். "சரி. நீ சொன்னாச் சரி."

குழாயைக் கண்ணருகே வைத்து, ஒரு கண்ணை மூடி, மெதுவாக ஊற்றினார். கொதிகலனின் அழுத்த முள்ளைப் பார்த்தபடி வால்வு திருகும் கை அது. அவர் 10. நெட்டை 11. நான் 10.

அவர் போனை வாங்கிப் பதியப்போன நான் அதிர்ந்தேன். நான் "நீர்நாய்", நெட்டை "ஒட்டகச்சிவிங்கி". அப்பா தன் முழுப்பெயரை எழுதியிருக்கிறார். தொழில் என்ற இடத்தில் "பாய்லர் ஆபரேட்டர்", பணியிடம் என்ற இடத்தில் பட்டறையின் பெயர்.

"அப்பா! புனைபெயர் போடலாம்ப்பா!"

"பேருன்னு கேட்டிருந்தது. எழுதினேன்."

மூன்றும் போயின. "ஏற்கப்பட்டது. பொறியாளரின் பரிசீலனைக்கு அனுப்பப்பட்டது." துளிக்குட்டிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை போல, இந்த முறை அது வரவேயில்லை.

அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு, பட்டறையின் கழிவுநீர்க் குழாயின் மறுமுனைக்கு வேலைக்குப் போனார்.

மார்ச் 6, புதன் — மூவர். 12, 11, 12. ஊதா இல்லை, கரும்பச்சை.

மார்ச் 7, வியாழன் — 9, 9, 10. மறுபடி ஊதா.

மார்ச் 8, வெள்ளி

பொறியாளருக்குக் கடிதம் எழுதினேன். நூற்றுப் பதினேழையும் அழித்துவிடச் சொல்லித்தான் தொடங்கினேன். பாதியில் நிறுத்தினேன். அவை பொய் இல்லை. அடித்துவிட்டு இப்படி எழுதினேன்: "என் அளவுகள் அனைத்தும் உண்மை. ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும். அதைத் தலைப்பிலேயே அச்சிடக் கேட்டுக்கொள்கிறேன்." கிழமைத் தாள்களை இணைத்தேன். கைக்குட்டையையும் வைத்து ஒட்டினேன்.

மார்ச் 14, வியாழன்

கூட்டம். பார்வையாளர் இருக்கையில் நான், நெட்டை, அத்தை. அத்தை பையில் ஒரு கீரைக் கட்டு. "எதுக்கு அத்தை?" "வரவேற்புக்கு."

தொப்பி சார் திரையில் படம் காட்டினார். எல்லாம் நீலம். கோடுகள் எல்லாம் மேலே. கடைசியாக எழுந்தவர் பொறியாளர்; அம்மா வயது, கையில் என் கைக்குட்டை.

"இந்த நானூத்திப் பன்னெண்டையும் எப்படிப் பிரிச்சுப் பாத்தீங்க?"

"மாதவாரியா, வார்டுவாரியா, வயசுவாரியா மேடம்," என்றார் தொப்பி சார்.

"கிழமைவாரியா?"

தொப்பி சார் குடிக்கத் தண்ணீர் கேட்டார். கேன் தண்ணீர்தான் வந்தது.

பிறகு பொறியாளர் மார்ச் 5, 6, 7 அளவுகளை வாசித்தார். பெயர்களோடு. ஒட்டகச்சிவிங்கி என்றபோது சிரித்தவர்கள், அடுத்த பெயரையும் பணியிடத்தையும் கேட்டதும் நிறுத்திவிட்டார்கள்.

கால்வாய் பட்டியலிலேயே இருக்கும். சுத்திகரிப்புத் தொட்டிக்கான கெடு மாறாது. இனி கிழமைக்கு ஒரு குழு. விருது விழா, "தேதி பின்னர் அறிவிக்கப்படும்."

வெளியே வரும்போது தொப்பி சார் பத்திரிகைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "நாங்க ஆரம்பத்துலேருந்தே சொல்லிட்டிருந்தது இதத்தான். தரவு பொய் சொல்லாது!"

அத்தை அவர் கையில் கீரைக் கட்டைக் கொடுத்தாள். "வீட்டுல சமைச்சுச் சாப்பிடுங்க தம்பி." அவர் வாங்கிக்கொண்டு நன்றி சொன்னார். பிறகுதான் வேரைப் பார்த்தார்.

மார்ச் 21, வியாழன்

புதிய தொப்பி வந்துவிட்டது. "ஏழு நாளும் நம் நாளே". ஐந்நூறு.

அத்தை என் நோட்டீசைக் கிழியாமல் உரித்து நாற்றங்காலுக்குமேல் கட்டியிருக்கிறாள். "உன் சிரிப்பப் பாத்துட்டு ஒரு குருவி வரல."

மார்ச் 25, திங்கள்

அப்பாவைக் கொதிகலனிலிருந்து பொட்டலம் கட்டும் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். பதினெட்டு வருடம் பார்த்த கொதிகலன். கடிதத்தில் "நிர்வாகக் காரணம்" என்று இரண்டே சொல். சம்பளம் கொஞ்சம் குறையும். ஞாயிற்றுக்கிழமை விடுமுறையும் கிடையாது. பட்டறை மூடியிருந்தாலும் பொட்டலம் கட்டப்படுமாம். அந்தப் பிரிவுக்கு விடுமுறை புதன்கிழமை.

மன்னிப்புக் கேட்கப் போனேன். "பாய்லர் பக்கம் சூடு ஜாஸ்தி. இங்க பேன் இருக்கு," என்றார். கை மட்டும் பழக்கத்தில் எதையோ திருகிக்கொண்டிருந்தது.

புதன்கிழமைக் குழுவுக்கு மட்டும் இதுவரை ஆள் கிடைக்கவில்லை. எல்லோருக்கும் அன்றைக்கு வேலை.

மார்ச் 31, ஞாயிறு

ஒன்பது மணி வரை தூங்கினேன்.

ஏப்ரல் 3, புதன்

எழுந்தபோது மணி ஏழு. வாசலில் அப்பாவின் சைக்கிள் இல்லை. சமையலறைக் கதவின் பின்னால் ஆணி மட்டும் இருந்தது. அம்மா அதில் வடிகட்டியை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"அவரு வர்ற வரைக்கும்தான்," என்றாள்.